குழந்தைக்கு பிரஷர் பார்க்க எது சரி: ஸ்டெத்தா, டிஜிட்டல் மெஷினா, 24 மணி நேர மானிட்டரா?

என் மகள் 5 வயதில் ஒரு நாள் காலை இரண்டு கண்ணிமையும் வீங்கி எழுந்தாள். கொசு கடித்திருக்கும் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் காலும் வீங்கியது. நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்றார்கள். சிறுநீரில் புரதம் கசிந்துகொண்டே இருக்கும் சிறுநீரக நோய். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 6 வாரம் தினமும், அப்புறம் 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். காலையில் முதல் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சோதனைப் பட்டை வைத்துப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். கிளம்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: "ஸ்டீராய்டு ஓடும்போது பிரஷர் ஏறலாம். வாரத்துக்கு ரெண்டு தடவை வீட்டிலேயே பார்த்து எழுதிக்கிட்டு வாங்க."

வீட்டில் மாமனாருடைய டிஜிட்டல் மெஷின் இருந்தது. அதன் கஃப்பை அவள் கையில் சுற்றினோம். ஒன்றரைச் சுற்று போயும் தொளதொளவென்று இருந்ததால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினோம். 92/54. அடுத்த முறை 95/56. நன்றாகத்தான் இருக்கிறது என்று மூன்று வாரம் எழுதி வைத்தோம்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அங்கிருந்த சிஸ்டர் முதலில் ஒரு இன்ச் டேப்பை எடுத்தார். தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் முழங்கை எலும்பின் நுனிக்கும் சரிபாதியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அந்த இடத்தில் கையின் சுற்றளவைப் பார்த்தார். 16.5 செ.மீ. அதற்கேற்ற சின்ன கஃப்பை எடுத்துக் கட்டி, ஸ்டெத் வைத்துப் பார்த்தார்: 116/78. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி: 114/76. என் பையிலிருந்த மெஷினை வாங்கி, அதன் கஃப்பைத் திருப்பி ஓரத்தில் அச்சடித்திருந்ததைக் காட்டினார். 22-32 செ.மீ. "இது தாத்தாவுக்குத்தாம்மா. பாப்பாவுக்கு இதுல பார்த்தா கம்மியாத்தான் காட்டும்."

மூன்று வாரமாக அவளுக்குப் பிரஷர் அதிகமாக இருந்திருக்கலாம். நாங்கள் பார்க்காமல் இருந்திருந்தால்கூட சந்தேகமாவது மிஞ்சியிருக்கும்; பார்த்ததால் நிம்மதியாக இருந்துவிட்டோம். அதற்குப் பிறகு கடந்த இரண்டு வருடத்தில் பிரஷர் பார்க்கும் எல்லா வழிகளையும் பார்த்துவிட்டோம். எந்த வழி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை, இதே நிலையில் இருக்கிற அப்பா அம்மாக்களுக்காக எழுதுகிறேன்.

மெஷினைவிட முதலில் கஃப்

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பது இரண்டாவது கேள்விதான். கஃப் பொருந்தவில்லை என்றால் எந்த முறையிலும் வருகிற எண் தப்பு. கைக்குப் பெரிய கஃப் பிரஷரைக் குறைத்துக் காட்டும். சின்ன கஃப் கூட்டிக் காட்டும். வீட்டில் இருப்பது பெரியவர்களின் கஃப் என்பதால், வீட்டில் நடக்கிற தப்பு பெரும்பாலும் முதல் வகை. கிளினிக்கில் நடப்பது பல சமயம் இரண்டாம் வகை: கொஞ்சம் புஷ்டியான 9, 10 வயதுப் பிள்ளைக்கு, 'சின்னப் பிள்ளைதானே' என்று சின்ன கஃப்பைக் கட்டி, இல்லாத பிரஷரை இருப்பதாக எழுதிவிடுவார்கள்.

கணக்கு இதுதான். கஃப்பின் துணிக்கு உள்ளே காற்று நிரம்புகிற ஒரு பை இருக்கிறது. அதன் அகலம் கைச் சுற்றளவில் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். நீளம் 80 முதல் 100 சதவீதம். என் மகளின் 16.5 செ.மீ. கைக்கு, பையின் அகலம் ஏறக்குறைய 6.6 செ.மீ., நீளம் 13 முதல் 16.5 செ.மீ. வரை. துணியின் அளவை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, உள்ளே இருக்கிற பைதான் கணக்கு. வீட்டில் இதையெல்லாம் அளக்க முடியாது, தேவையும் இல்லை. கஃப்பில் எத்தனை செ.மீ. முதல் எத்தனை செ.மீ. வரை என்று அச்சிட்டிருப்பார்கள். கட்டி முடித்ததும் ஓரத்துக் கோடு, எல்லை காட்டும் இரண்டு குறிகளுக்கு நடுவே விழுகிறதா என்று பார்த்தால் போதும். 'குழந்தை', 'சிறுவர்' என்று போட்டிருக்கும் பெயரை நம்ப வேண்டாம். ஒரே வகுப்பில் படிக்கிற இரண்டு பிள்ளைகளின் கைச் சுற்றளவில் 5 செ.மீ. வித்தியாசம் இருக்கும். டேப் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த எண் அதிகம்?

116/78 என்று கேட்டதும் என் அத்தை, "இதுல என்ன இருக்கு, எனக்கே 130 தான்" என்றார். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். 120/80 என்பது பெரியவர்களின் எண். குழந்தைக்கு வயது, ஆணா பெண்ணா, உயரம் மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரே வயது, ஒரே உயரமுள்ள 100 பிள்ளைகளைப் பிரஷர் வரிசைப்படி நிறுத்தினால் 90-ஆவது பிள்ளையின் அளவு ஒரு கோடு, 95-ஆவது பிள்ளையின் அளவு இன்னொரு கோடு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 90-ஆவது பிள்ளையின் அளவுக்குக் கீழே இருந்தால் சரி. 90-ஆவது அளவுக்கும் 95-ஆவது அளவுக்கும் நடுவே இருந்தால் கொஞ்சம் கூடுதல். 95-ஆவது அளவைத் தொட்டால் முதல் நிலை உயர் ரத்த அழுத்தம். அந்த 95-ஆவது அளவுக்கு மேல் 12 மில்லிமீட்டரும் (பிரஷரை அளக்கும் அலகு) கூடினால் இரண்டாம் நிலை. இதையும் ஒரே நாளில் முடிவு செய்வதில்லை. வேறு வேறு நாட்களில் மூன்று முறை அதிகமாக இருந்தால்தான் அந்தப் பெயர். 13 வயதுக்கு மேல் பெரியவர்களைப் போலவே 120/80, 130/80, 140/90 என்று பார்க்கிறார்கள்.

முழு அட்டவணை பெரியது. ஆனால் அதே வழிகாட்டுதலில் 'இதைத் தொட்டால் நின்று கவனி' என்கிற மாதிரி ஒரு சின்னப் பட்டியலும் இருக்கிறது. என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருப்பது அதுதான். 3 வயதில் ஆண் பிள்ளைக்கு 101/58, பெண் பிள்ளைக்கு 102/60. 5 வயதில் 103/63, 104/64. 8 வயதில் இருவருக்கும் 107/69. 10 வயதில் 108/72, 109/72. 12 வயதில் 113/75, 114/75. இரண்டு எண்ணில் ஏதாவது ஒன்று தொட்டாலே கவனிக்க வேண்டும். இது குட்டையான பிள்ளைகளை வைத்துப் போட்ட பட்டியல், ஒருவரும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. அதனால் இதைத் தாண்டினால் நோய் என்று அர்த்தமில்லை. உயரத்தையும் சேர்த்து முழு அட்டவணையில் பார்க்கச் சொல்லுங்கள் என்றுதான் அர்த்தம். என் மகளின் 116/78 இரண்டிலுமே மேலேதான் இருந்தது.

ஸ்டெத் வைத்துக் காதால் கேட்பது

இத்தாலியில் ரிவா-ரோச்சி 1896-இல் கஃப்பைக் கொண்டுவந்தார். ரஷ்யாவில் கொரொட்கோவ் 1905-இல் அதோடு ஸ்டெத்தைச் சேர்த்தார். கஃப்பை ஊதி ரத்த ஓட்டத்தை நிறுத்தி, காற்றை மெல்ல விடும்போது முதல் 'டப்' கேட்கிற இடம் மேல் அளவு. சத்தம் நின்றுபோகிற இடம் கீழ் அளவு. நூறு வருடம் தாண்டியும் குழந்தைகளுக்கு இதுவே அடிப்படை முறை. அதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. மேலே சொன்ன அட்டவணையில் இருக்கிற எண்கள் எல்லாம் இப்படிக் காதால் கேட்டு எடுத்தவை. டிஜிட்டல் மெஷினின் எண்ணை அந்த அட்டவணையில் வைத்துப் பார்ப்பது, ஒரு படியில் அளந்ததை வேறு படியின் கணக்கில் எழுதுவது மாதிரி.

இதன் பலவீனம் கேட்கிறவரின் காதும் பொறுமையும்தான். கூட்டமான ஓ.பி.யில் இன்னொரு குழந்தை அழுதுகொண்டிருக்க, சின்னக் கையின் மெல்லிய சத்தம் காதில் விழுவது கடினம். காற்றை நொடிக்கு 2, 3 மில்லிமீட்டர் வீதம்தான் விட வேண்டும். 'புஸ்' என்று விட்டால் இரண்டு எண்ணும் தவறும். சில குழந்தைகளுக்குச் சத்தம் பூஜ்யம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டெத்தை அழுத்தி வைப்பதுகூட அதற்குக் காரணமாகலாம் என்பதால், லேசாக வைத்து மறுபடி பார்க்க வேண்டும். நான் பார்த்துப் பழகிய இன்னொன்று: கருவியின் கோடுகள் 2 மில்லிமீட்டருக்கு ஒன்று. அப்படியிருக்க, ஒரு குழந்தையின் சீட்டில் ஒவ்வொரு முறையும் 100/70, 110/70 என்று பூஜ்யத்தில் முடியும் எண்ணாகவே வந்தால் அது ஏதோ அவசரத்தில் எழுதியது. இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

பாதரசக் கருவிகள் குறைந்துவிட்டன. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தம் 2013-இல் வந்தது, இந்தியாவும் 2018-இல் அதை ஏற்றது. அதன் இடத்தில் வந்திருக்கும் முள் டயல் கருவியை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். காற்று இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நானும் பார்ப்பேன்.

இதையே வீட்டுக்கு வாங்கலாமா? வீட்டில் நர்ஸ் இருந்தால் சரி. எனக்கு ஒரு சிஸ்டர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தும், பாப்பாவின் கையில் முதல் சத்தம் எது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உறுதியில்லாத எண்ணை வைத்து மாத்திரையைப் பற்றிப் பேசக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

டிஜிட்டல் மெஷின்

டிஜிட்டல் மெஷின் சத்தத்தைக் கேட்பதில்லை. ரத்தம் பாயும்போது கஃப்பில் ஏற்படும் சின்ன அதிர்வுகளைப் படிக்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடத்திலிருந்து சராசரி அழுத்தத்தை எடுத்துக்கொண்டு, மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு, வெளியே சொல்வதும் இல்லை. அதனால்தான் ஒரே கையில் இரண்டு மெஷின் இரண்டு எண் காட்டும். பொதுவாகக் காதால் கேட்பதைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஆகவே டிஜிட்டலில் அளவு சரியாக வந்தால் நிம்மதியாக ஏற்றுக்கொள்ளலாம். அதிகமாக வந்தால் ஸ்டெத் வைத்து உறுதி செய்ய வேண்டும். நினைவில் வைக்கிற விதி இது ஒன்றுதான், ஆனால் 'அளவு சரியாக வந்தால்' என்பதற்குப் பின்னால் 'பொருந்துகிற கஃப்பில்' என்பதும் இருக்கிறது.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு டிஜிட்டலே மேல். அந்தச் சின்னக் கையில் சத்தம் கேட்பது யாருக்கும் எளிதல்ல. அழாமல், முடிந்தால் தூங்கும்போது, மல்லாக்கப் படுக்க வைத்து எடுக்க வேண்டும். அதுவும் ஆஸ்பத்திரியில் கைக்குழந்தைக்கென்று இருக்கும் மெஷினில். வீட்டு மெஷின் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளையை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கவனிக்க வேண்டியிருந்தால் வீட்டு டிஜிட்டல் மெஷினை விட்டால் நடைமுறையில் வழியில்லை. ஆஸ்பத்திரி வாசனைக்கே சில பிள்ளைகளுக்குப் பிரஷர் ஏறும். வீட்டில் அது இல்லை. ஆனால் வீட்டு அளவை வைத்து மட்டும் நோய் என்று முடிவு கட்டக் கூடாது என்று அந்த 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. ஏற்கெனவே தெரிந்த பிரச்சினையைத் தொடர்ந்து கவனிக்கத்தான் அது.

வாங்கும்போது கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையும் அல்ல, மெமரியும் அல்ல. "இந்த மெஷினுக்குச் சின்ன கஃப் வருமா, எத்தனை செ.மீ. முதல்?" பல மெஷின்களுக்குச் சின்ன கஃப்பே கிடையாது. கிடைப்பதைத் தனியாக வாங்க வேண்டும், அதே கம்பெனி அந்த மெஷினுக்கென்று சொன்னதாகவும் இருக்க வேண்டும். குழாய் பொருந்துகிறது என்பதற்காக வேறொன்றை மாட்டினால் கணக்கு மாறிவிடும். நாங்கள் தேடிய கடைகளில் கிடைத்த சின்ன கஃப் 17-22 செ.மீ. என் மகளின் கையோ 16.5. அரை செ.மீ. தானே என்று எனக்கும் தோன்றியது. டாக்டர் வேண்டாம் என்றார். கை 17-ஐத் தாண்டும் வரை வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்துக்கொண்டோம். பஸ்ஸில் போய்வர அரை நாள் ஆகும். போனோம்.

இன்னொன்று, பெரியவர்களில் சோதித்துச் சரி என்று சொன்ன மெஷின் குழந்தைகளுக்கும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்ட்ரைட் பி.பி. என்ற அமைப்பின் இணையதளத்தில் சோதனையில் தேறிய மெஷின்களின் பட்டியல் இருக்கிறது, குழந்தைகளுக்கு அதில் தனிப் பகுதி உண்டு. வாங்குவதற்கு முன் மாடல் பெயரை அங்கே பார்த்துவிடலாம். வாங்கியபின் அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், அதே கையில் சிஸ்டர் ஒருமுறை, மெஷின் ஒருமுறை என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுடையது மூன்று முறையும் 4, 5 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டியது. அந்த வித்தியாசத்தை நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். டாக்டரும் அதைக் கழித்துத்தான் பார்க்கிறார்.

மணிக்கட்டில் கட்டுவது, வாட்ச், போனில் விரல் வைக்கிற ஆப்

குழந்தைகளுக்கு வேண்டாம். மணிக்கட்டில் எடுக்கும் அளவை 2017 வழிகாட்டுதல் ஏற்கவில்லை. கை இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இறங்கினாலே 7, 8 மில்லிமீட்டர் கூடிவிடும். மணிக்கட்டை அசையாமல் நெஞ்சுயரத்தில் பிடிக்கிற 5 வயதுப் பிள்ளை எங்கே இருக்கிறது? மேல்கை கஃப் கிடைக்கவில்லை என்பதற்காக இதை வாங்கிவிடாதீர்கள்.

24 மணி நேர மானிட்டர்

இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, மேல்கையில் கஃப். பகலில் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை, இரவில் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை தானே ஊதி அளந்துகொள்ளும். மறுநாள் கழற்றிக் கம்ப்யூட்டரில் போடுவார்கள். தோராயமாக 5 வயதுக்கு மேல்தான் பிள்ளைகள் இதைத் தாங்குகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கிற அட்டவணையும் 120 செ.மீ. உயரத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சே இல்லை.

மற்ற எதிலும் தெரியாத மூன்று விஷயம் இதில் தெரியும். ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறி வீட்டில் சரியாக இருக்கிற பிள்ளை யார் என்று தெரியும். அந்தப் பிள்ளைக்கு மாத்திரை மிச்சம். அதற்கு நேர்மாறாக, ஆஸ்பத்திரியில் சரியாகவும் மற்ற நேரத்தில் அதிகமாகவும் இருக்கிற பிள்ளையும் தெரியும். சிறுநீரக நோய் உள்ளவர்கள், மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) குறுகியிருந்ததற்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் போன்ற பிள்ளைகளில் இப்படி மறைந்திருக்கும். மூன்றாவது, இரவு. தூக்கத்தில் பிரஷர் பகலைவிட 10 சதவீதமாவது இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சிறுநீரகம் பக்கம் ஏதோ சரியில்லை என்று டாக்டர் யோசிப்பார்.

இது வெறும் எண் விளையாட்டு இல்லை என்பதற்கு ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். எஸ்கேப் என்று பெயர், 2009-இல் வெளியானது. நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள, 3 முதல் 18 வயது வரையான 385 பிள்ளைகளை 5 வருடம் கவனித்தார்கள். எல்லோருக்கும் ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரை. ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு 24 மணி நேரச் சராசரியை வழக்கமான அளவிலும், மறுபாதிக்கு அதைவிடக் கீழே, 50-ஆவது பிள்ளையின் அளவுக்கும் கீழே வைத்தார்கள். வழக்கமான குழுவில் 41.7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் மோசமானது. கீழே வைத்த குழுவில் 29.9 சதவீதம். சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு 24 மணி நேர மானிட்டர் எழுதினால், செலவைப் பார்த்துத் தயங்கவோ தள்ளிப்போடவோ வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மற்றபடி நல்ல ஆரோக்கியமாக இருக்கிற பிள்ளைக்கு இது முதல் பரிசோதனை அல்ல. இரவில் கஃப் ஊதும்போதெல்லாம் பிள்ளை சிணுங்கும். என் மகளுக்கு 7 வயதில் கட்டியபோது விடியும் வரை நான்கு முறை எழுந்து, கழற்றச் சொல்லி அழுதாள். நாங்களும் தூங்கவில்லை. கிளினிக் எண்ணும் வீட்டு எண்ணும் ஒத்துப்போகாதபோதும், மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பும், சிறுநீரகப் பிரச்சினையிலும் அந்த ஒரு ராத்திரிக்கு அர்த்தம் உண்டு.

நன்றாக இருக்கிற பிள்ளைக்கும் பார்க்க வேண்டுமா?

இதில் நிபுணர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. 3 வயது முதல் வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைக்கும் பார்க்கச் சொல்கிறது 2017 வழிகாட்டுதல். அதே அமெரிக்காவில் நோய்த்தடுப்புப் பணிக்குழு, நோய் அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்கு இப்படிப் பார்ப்பதால் நன்மையா தீமையா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று 2020-இல் சொன்னது. என் பக்கம் எது என்றால், வருடம் ஒருமுறை பார்ப்பதே. ஐந்து நிமிடம், வலி இல்லை, ஊசி இல்லை. சளி, காய்ச்சலுக்குப் போகும்போது எடை பார்க்கிறார்கள், உயரம் பார்க்கிறார்கள். சரியானதும் ஒருநாள் இதையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பெரியவர்களுக்கு வருகிற பிரஷருக்குப் பெரும்பாலும் தனியாக ஒரு காரணம் இருக்காது. சின்னக் குழந்தைக்கு வந்தால் அநேகமாகக் காரணம் இருக்கும்: சிறுநீரகம், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய், மகாதமனி. கண்டுபிடித்தால் அதைச் சரிசெய்ய வழியும் இருக்கும்.

சில பிள்ளைகளுக்கு 3 வயது வரை காத்திருக்கவும் கூடாது. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், பிறந்ததும் தொப்புள் வழியாகத் தமனியில் குழாய் போட்டவர்கள், இதயக் கோளாறோடு பிறந்தவர்கள், அடிக்கடி சிறுநீரில் தொற்று வருகிறவர்கள், ஸ்டீராய்டு போன்ற மருந்தில் இருப்பவர்கள். இவர்களுக்கு ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியது சொறி சிரங்கு. காலில் சிரங்கு வந்து ஆறிய சில வாரத்தில், அல்லது தொண்டை வலி வந்து ஒன்றிரண்டு வாரத்தில், முகம் வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்குப் பின் வரும் சிறுநீரக அழற்சி அது. பிரஷர் சட்டென்று ஏறி வலிப்பு வரைக்கும் போகும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முழுசாகச் சரியாகிவிடும், பிரஷரை அந்தச் சில நாட்கள் கவனித்துக் கட்டுப்படுத்தினால். இதற்கு வீட்டு மெஷின் பேச்சே வேண்டாம். அதேபோல் பிரஷர் 95-ஆவது அளவைவிட 30 மில்லிமீட்டருக்கு மேல் போனாலும், அதிகப் பிரஷரோடு தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு எது இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்கு.

வலது கையும் கொஞ்சம் பொறுமையும்

எந்த வழியாக இருந்தாலும் வலது கையில் பாருங்கள். அட்டவணை வலது கைக்குப் போட்டது. அதோடு, மகாதமனியில் குறுக்கம் இருந்தால் இடது கையில் அளவு குறைந்து காட்டி ஏமாற்றக்கூடும். கையில் அதிகமாக வந்தால் காலிலும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது காலில் கையைவிட 10, 20 மில்லிமீட்டர் கூடுதலாக இருப்பதுதான் வழக்கம். காலில் குறைவாக இருந்தால் அது மகாதமனிக் குறுக்கத்தின் அடையாளம். இந்த ஒரு அளவை எடுக்க எந்தப் புது மெஷினும் வேண்டாம், ஆனால் எடுக்கிறவர்கள் குறைவு.

பிள்ளை விளையாடி வந்ததும் பார்க்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, 3 முதல் 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பெரியவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தால் பிள்ளையின் கால் தொங்கும். எங்கள் வீட்டில் அரிசி டப்பாவைக் கவிழ்த்துக் கால் வைக்கக் கொடுக்கிறோம். கைக்கு அடியில் தலையணை, கஃப் இதய மட்டத்தில். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே ஒரு கயிறாகிவிடும், கழற்றிவிடுவது நல்லது. பேசக் கூடாது என்பதுதான் கஷ்டம். முதலில் அப்பாவுக்குக் கட்டிக் காட்டி, "கையை இறுக்கமா கட்டிப்பிடிக்கும், அப்புறம் விட்டுடும்" என்று சொன்னபின் அவள் பயப்படுவதை நிறுத்தினாள். ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுப்போம். முதல் எண் எப்போதும் கூடுதலாக வரும், அதை எழுதி அடித்துவிடுவோம். மற்ற இரண்டின் சராசரிதான் கணக்கு.

இப்போது எங்கள் ஏற்பாடு இது. ஞாயிறும் புதனும் காலை பல் தேய்த்ததும் வீட்டு மெஷினில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஸ்டெத்தில், அன்று மெஷினும் கூடவே போகும். தொடர்ந்து இரண்டு முறை நோட்டின் முதல் பக்க எண்ணைத் தாண்டினால் டாக்டருக்குப் போன். மாத்திரையை நாங்களாகக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. மாதம் ஒன்றாம் தேதி டேப் எடுத்துக் கைச் சுற்றளவைப் பார்த்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். 7 வயதாகிறது. போன மாதம் 18.4 இருந்தது. கஃப்பின் கோடு இன்னும் எல்லைக்குள் விழுகிறது. 22-ஐத் தொடும் அன்று இந்தச் சின்ன கஃப்பைக் கழற்றிவிட்டு, தாத்தாவின் கஃப்பை அவளுக்குக் கட்டலாம்.